ஈரச் சாக்கில் ஒரு கடல் கோலி

போன மாதம் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்களே, ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து படித்த பதினொரு பேரும்! சாம்பாரில் உப்புக் குறைவு என்று ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு நாகரிகம் எங்கே கற்றுக்கொண்டீர்களோ. கை கழுவியதும் நேராகப் போய் நின்றது கூடத்து அலமாரி முன்னால்தான். பத்தொன்பது கண்ணாடிக் குண்டுகள். பச்சை, நீலம், தேன் நிறத்தில் ஒன்று. "இதை எதுக்குடி சேர்த்து வெச்சிருக்கே, பைத்தியமா?" என்று கேட்டீர்கள். "சும்மா, பொழுதுபோக்கு" என்றேன். பொய். இந்த வயதில் இன்னும் எதற்குப் பொய் என்று அன்று முழுக்க யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் அவை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஜப்பான் பக்கத்து மீனவர்கள் ஒரு காலத்தில் வலை மூழ்காமல் இருக்க அதன் ஓரத்தில் கட்டி மிதக்கவிட்டவை. வாயால் ஊதிச் செய்த கண்ணாடி. பிளாஸ்டிக் வந்ததும் அவற்றைக் கைவிட்டார்கள். வலையிலிருந்து அறுத்துக்கொண்டு போனவை வருடக்கணக்கில் கடலில் அலைந்து ஏதோ ஒரு கரையில் ஒதுங்கும். இன்று உலகம் முழுக்க ஆட்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஊதிய துளையை அடைத்த இடத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடிக்குள் கொப்புளம் இருக்கிறதா, உள்ளே கொஞ்சம் கடல்நீர் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கொப்புளமும் தண்ணீரும் இருந்தால் போட்டி போடுவார்கள். என் மருமகள், "அத்தை, இதைத் துடைக்கவே தனியா ஒரு ஆள் வேணும்" என்கிறாள். துடைப்பது நான்தான். வேறு யாரையும் தொடவிடுவதில்லை.

பாலக்கோட்டில் என் அப்பா சோடாக்கடைக்காரர் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் தகரக் கொட்டகை. உள்ளே கையால் சுற்றும் மிஷின், ஆளுயர கேஸ் சிலிண்டர், பாட்டில் ஊறப்போட சிமென்ட் தொட்டி. தக்காளி மண்டிக்கு வந்தவர்களும், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஓட்டி வந்தவர்களும் வெயிலில் வெந்துபோய் வந்து நிற்பார்கள். அப்பா கட்டைவிரலால் கோலியை அழுத்தினால் ஒரு சத்தம் வரும், தெருமுனை வரைக்கும் கேட்கும். கொட்டகைக்குள் எப்போதும் பன்னீர் எசென்ஸ் வாசமும் ஈரச் சாக்கின் மக்கல் நாற்றமும் கலந்து வீசும். பள்ளிக்கூடத்தில் என் பாவாடையை முகர்ந்து பார்த்து "கலர் சோடா" என்று கூப்பிட்டது யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெயரைச் சொல்லி மானத்தை வாங்க வேண்டாம் என்று விடுகிறேன்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையில் கேஸ் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். கண்ணாடிக்குள் கடுகளவு கொப்புளம் தெரிந்தாலும் தனியே எடுத்து வைத்துவிடுவார். கொப்புளம் இருக்கிற கண்ணாடி என்றைக்காவது ஒருநாள் வெடிக்கும். என் சித்தப்பாவின் இடது கண் அப்படித்தான் போயிற்று. அப்பா பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறார். அதனால் அவருக்குக் கொப்புளம் என்றாலே ஆகாது. அப்படி ஒதுக்கிய பாட்டிலைப் பழைய சாமான்காரனுக்கும் போடமாட்டார். "அவன் இன்னொரு சோடாக்காரனுக்கு வித்துப்புடுவான், அங்க எவன் கண்ணு போவுமோ" என்பார். மிஷின் ஓடாத செவ்வாய்க்கிழமை, அவற்றை ஈரச் சாக்கில் சுற்றி, கடப்பாரையின் மொண்ணைப் பக்கத்தால் ஒரே போடு. பிறகு குழி தோண்டிப் புதைப்பார்.

உடைந்த பாட்டில்களின் கோலிகள் மட்டும் எனக்கு. பச்சைக் கோலி, வெள்ளைக் கோலி, ஒரு டப்பா நிறைய. வகுப்பில் எல்லோருக்கும் அந்தக் கோலி வேண்டும். ஒரு கோலிக்கு ஒரு பென்சில், இரண்டுக்கு ஒரு கை கொடுக்காப்புளி. வீட்டுக் கணக்கை எனக்காகப் போட்டுத் தந்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். பதினொரு வயதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நடந்தேன்.

எங்கள் கொட்டகைக்கு எதிர்வீடு கப்பல்காரர் வீடு. சரக்குக் கப்பலில் சமையல் வேலை அவருக்கு. வருடத்தில் ஒரு மாதம் ஊரில் இருந்தால் பெரிது. வீட்டில் அவர் மனைவி, என் வகுப்பில் படித்த மகள், தூளியில் ஒரு கைக்குழந்தை. அந்த மகளை உங்களுக்குத் தெரியும். பத்தாவது முடித்ததும் வேலூர்ப் பக்கம் போய்விட்டாள், அன்றைக்குச் சாப்பிடவும் வரவில்லை. அமைதியான பெண். எனக்கு அவளைப் பிடிக்கும், அதுவரை. கோலி கேட்டு ஒருநாளும் என்னிடம் வந்து நின்றதில்லை என்பதுதான் ஒரு சின்னக் குறை.

அந்த வருடம் மாசி மாதத்தில் கப்பல்காரரோடு வேலை செய்தவர் ஒருவர் விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில், மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்துப் பாலக்கோட்டுக்கு வந்து ஒரு மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். மூட்டைக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் அது. தேங்காயைவிடக் கொஞ்சம் பெரியது. கடல் பச்சை. சுற்றிலும் கறுத்துப்போன கயிற்றால் பின்னிய வலை. கூடவே கப்பல்காரரின் கடிதம். "ஜப்பான் கரையில் ஒரு கிழவர் கொடுத்தார். நான் ஆனி மாதம் வருகிறேன். அதுவரை கூடத்தில் தொங்கவிட்டு, பெரிய பாப்பாவை அத்தா ஞாபகமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்."

மறுநாள் அவள் அதைத் துணிப்பையில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவந்தாள். சன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தாள். சுவர் முழுக்கப் பச்சை வெளிச்சம் ஆடியது. உள்ளே ஒரு விரற்கடை அளவுக்குத் தண்ணீர், அசைத்தால் இப்படியும் அப்படியும் ஓடியது. மூடின கண்ணாடிக்குள் தண்ணீர் எப்படிப் போச்சு என்று டீச்சரே கேட்டார். "கடல் கோலி" என்று யாரோ கத்தினீர்கள். அவ்வளவுதான், அதற்கு அதுவே பெயராயிற்று. அன்று மத்தியானம் என் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தியும் வரவில்லை. முந்தின நாள் கோலி வாங்கிப் போனவள் திரும்பி வந்து, "பென்சில குடுத்துடுடி" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே தொப்புளுக்கு மேலே காந்தியது. சோறு இறங்கவில்லை. அம்மா சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். கண்ணாடி என்றால் நான்தானே, சோடாக்காரர் மகள் நான்தானே! இவளுக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் குண்டு எனக்கு வேண்டும். கிடைக்காது என்று தெரியும். கிடைக்காவிட்டால் அவளிடமும் இருக்கக் கூடாது. முழுப் பரீட்சை முடிகிற வரைக்கும் இது ஒன்றே நினைப்பு.

சித்திரை பிறந்து லீவு விட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்து உத்திரத்தில் குண்டு தொங்கியது. இரண்டு முழம் தள்ளித் தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முக்காலி மேல் ஏறிக் கையை நீட்டினேன்.

"தொடாத புள்ள. உன் கை ஈரமா இருக்குது, வழுக்கிடும்" என்றாள் அவள்.

சோடாக்காரர் வீட்டுக் கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அவள் குத்திக்காட்டவில்லை, இருப்பதைத்தான் சொன்னாள். எனக்கோ உச்சந்தலை வரை சுரீர் என்றது. இறங்காமல் முக்காலி மேலேயே நின்று உற்றுப் பார்த்தேன். பச்சைக்குள் கொப்புளங்கள். ஒன்றா இரண்டா, மழைத்தூறல் மாதிரி. அப்பா பார்த்திருந்தால் அலறியிருப்பார். அடுக்களையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அவள் அம்மாவிடம் நேராகப் போனேன்.

"அத்தை, அந்தக் குண்டுல கொப்புளமா இருக்குதுங்க. கொப்புளம் இருந்தா வெடிக்கும்னு எங்கப்பா சொல்வாரு. உள்ள தண்ணி வேற இருக்குது. இந்த வெயில்ல தண்ணி காஞ்சு கேஸ் ஆச்சுன்னா..."

"என்ன புள்ள சொல்றே?"

"எங்க சித்தப்பாவுக்குக் கண்ணு போச்சுல்லங்க? அது இத்துனூண்டு பாட்டிலு."

அவர் மாவுக்கையோடு ஓடிப்போய்த் தூளியிலிருந்து குழந்தையை வாரி எடுத்தார். குழந்தை வீறிட்டது. என் சிநேகிதி என்னையே பார்த்தாள். நான் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்தேன்.

வெடிக்கும் என்று நான் நம்பினேனா? நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. குண்டு அந்த உத்திரத்திலிருந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சாயங்காலம் கப்பல்காரர் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றார். "அண்ணா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கண்ணா. பயமா இருக்குது. அவரும் ஊர்ல இல்ல" என்றார். அப்பா லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு உடனே போனார். குண்டை இறக்கி வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், நகத்தால் சுண்டி, காதில் வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது.

"இது ஆவாதும்மா. ஒடம்பு பூரா கொப்புளம். உள்ள தண்ணிய வெச்சு மூடியிருக்கான். அக்னி வெயில் வேற வரப்போவுது. புள்ள தூங்கற எடத்துல இதத் தொங்கவிடலாமா?"

"அப்ப என்னங்கண்ணா பண்றது?"

"நான் கொண்டுபோயி தொட்டித் தண்ணில போட்டு வெக்கறேன். வர செவ்வாக்கெழம பாத்துக்கறேன்."

செவ்வாய்க்கிழமை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் சிநேகிதிக்கும் தெரிந்திருந்தது, எதிர்வீட்டிலிருந்து எத்தனை செவ்வாய் பார்த்திருப்பாள்! அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, ஒடைக்காதீங்க மாமா. எங்கத்தா வந்து பாக்கட்டும் மாமா" என்று அழுதாள். அப்பா அவள் தலையைத் தடவினார். "உங்கத்தா வர்றப்ப நீங்க மூணு பேரும் முழுசா இருக்கணும் கண்ணு" என்றார். அதில் ஒரு பொய்யும் இல்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

அன்றைக்கு ஞாயிறு. குண்டு எங்கள் தொட்டியில் மிதந்தது. திங்கட்கிழமை அம்மா அரூருக்கு ஒரு சாவுக்குப் போய்விட்டாள், அப்பா காலையிலிருந்து மண்டிக்குப் பாட்டில் போட்டுக்கொண்டிருந்தார். கொட்டகையில் நானும் அதுவும்தான். அந்த ஒரு நாளைப் போல எனக்கு இன்னொரு நாள் கிடைக்கவில்லை என்றால் என் புருஷன் கோபித்துக்கொள்வார், ஆனாலும் அதுதான் நிஜம். தொட்டியில் இரண்டு கையாலும் அதை அடிவரை அமுக்கினேன். கையை எடுத்ததும் குபுக்கென்று எம்பி வந்து என் முகமெல்லாம் தண்ணீர் அடித்தது. திரும்ப அமுக்கினேன், திரும்ப வந்தது. கயிற்று வலையை முகர்ந்தால் உப்பும் தாரும் கலந்த ஒரு வாசம். அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. அடியில் துளையை அடைத்த இடத்தில் பொத்தான் மாதிரி ஒரு வட்டம், அதில் ஏதோ எழுத்து. விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். மடியில் வைத்துக்கொண்டு தாலாட்டவும் செய்தேன், சிரிக்காதீர்கள்.

பத்து மணி வாக்கில் கை வழுக்கிவிட்டது, அவள் சொன்ன மாதிரியே. சிமென்ட் தரையில் ணங்கென்று விழுந்து, உருண்டு, சிலிண்டரில் முட்டி நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்த் தூக்கிப் பார்த்தேன். கீறல்கூட இல்லை. கயிறு நனைந்து வழுக்குகிறதே, காயட்டும் என்று வெளியே கொண்டுபோய்ச் சார்ப்புத் தகரத்தின் மேல் வைத்தேன். உள்ளே வந்து சாக்கின் மேல் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனேன். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தகரம் தோசைக்கல்லாகக் கொதித்தது. குண்டைத் தொட முடியவில்லை, பாவாடையால் பிடித்துத் தூக்கினேன். உள்ளே தண்ணீர் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. சித்திரை வெயில் ஒரு பகல் பூராவும் காய்ச்சியும் ஒன்றும் ஆகவில்லை.

அப்பா வருவதற்குள் அதைத் தொட்டியில் போட்டுவிட்டேன். அன்று ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொல்லியிருக்கலாம். மறுநாள் காலையிலும் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும்? அப்பா குண்டைத் துடைத்து எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவள் திரும்பவும் உத்திரத்தில் மாட்டுவாள். நான் திரும்பவும் முக்காலியில் ஏறிக் கைகட்டிப் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் வகுப்பு திறந்தால் திரும்பவும் சுவர் முழுக்கப் பச்சை வெளிச்சம். வாயை மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா சாக்கை நனைத்தார். மற்ற பாட்டில்களை முதலில் முடித்துவிட்டுக் கடைசியாக அதை எடுத்தார். ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் ஊதியிருக்கான் பாவி. கொப்புளம் மட்டும் இல்லாட்டி" என்றார். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சன்னல் கம்பியில் இரண்டு கை மட்டும் தெரிந்தது. அப்பா முதல் தடவை போட்டபோது உடையவில்லை. கடப்பாரை எகிறியது. "அடேங்கப்பா" என்று சொல்லி மூன்று தடவை ஓங்கிப் போட்டார். பிறகுதான் சாக்கு தாழ்ந்தது. ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் வழிந்து மண்ணில் ஊறியது. எனக்கு அழுகை வந்தது. நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அதற்கப்புறம் லீவு முடியும்வரை அவள் எங்கள் பக்கம் வரவில்லை. தெருவில் ஊரே அப்பாவைப் புகழ்ந்தது. "சோடாக்காரர் பாக்கலன்னா ஒரு குடும்பமே போயிருக்கும்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஆனியில் கப்பல்காரர் வந்தார். வந்த மறுநாளே கொட்டகைக்கு வந்தார், பின்னால் அவர் மகள். அவர் நல்ல உயரம், கையெல்லாம் அடுப்புத் தழும்பு. அப்பா ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, அவருக்கு ஒரு பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தார். நடந்ததைப் பெருமையாகவே சொன்னார். கப்பல்காரர் பாதி சோடாவோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது எத்தனையோ வருசம் கடல்ல கெடந்ததுங்க. புயலு, பாறை எல்லாம் பாத்திருக்கும்" என்றார் மெதுவாக.

"தண்ணில கெடந்தா சரிங்க பாய். நம்மூரு வெயிலு வேறல்ல?"

"அதுஞ் சரிதான். எனக்கு என்னா தெரியும், நான் சோறாக்கறவன்." சிரித்தார். "நான் இல்லாத நேரத்துல எங்க வூட்டுக்குப் பெரியவரா நின்னீங்க. அத மறக்கமாட்டேங்க."

பிறகு பையிலிருந்து ஒன்றை எடுத்தார். இன்னொரு கடல் கோலி. முதலாவதைவிடச் சின்னது, சாத்துக்குடி அளவு. ஆனால் நிறம்! நாவல்பழத்தைத் தண்ணீரில் கரைத்த மாதிரி ஒரு ஊதா. அந்த நிறத்தை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன், என் பத்தொன்பதில் அது இல்லை.

"பாப்பாவுக்குன்னு கொண்டாந்தேன். வூட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க, கைக்கொழந்த இருக்கற வூட்ல வேண்டவே வேணாம்னு. உங்களுக்குத்தான் கண்ணாடி தெரியும். பாத்து, நல்லா இருந்துதுன்னா உங்க புள்ள வெச்சுக்கட்டும்."

அவள் தன் அத்தாவின் முழங்கைக்குப் பின்னாலிருந்து அதையே பார்த்தாள். எனக்கென்ன! இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். பாவாடையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினேன். அவர்கள் போனதும் கொட்டகைக்குள் நின்ற இடத்திலேயே சுற்றினேன். என்னுடையது. அவளிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது.

அப்பா, "குடு, பாப்போம்" என்று வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். அந்த முகம் எனக்குத் தெரியும். நேராகத் தொட்டிக்குப் போய்ச் சாக்கை நனைத்தார்.

"அப்பா, என்னாப்பா பண்றீங்க?"

"இதுலயும் கொப்புளம் கண்ணு. அடுத்தவன் வூட்டுதுன்னா ஒடப்பேன், என் வூட்டுதுன்னா வெச்சுக்குவனா?"

"வேணாம்ப்பா!"

"கண்ணு போயிட்டா வராதும்மா. தள்ளி நில்லு."

குண்டைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்துவிட்டார். நான் சாக்கின் மேல் விழுந்தேன். "வெடிக்காதுப்பா! இது வெடிக்காதுப்பா! அது கீழ விழுந்துகூட ஒடையலப்பா! தகரத்து மேல ஒரு பகல் பூரா வெயில்ல கெடந்துச்சு, ஒண்ணுமே ஆகலப்பா!"

அப்பா கடப்பாரையைத் தூக்கினபடியே நின்றார்.

"எது வெயில்ல கெடந்துச்சு?"

"மொதல்ல வந்தது. பச்சைக் குண்டு."

"எப்ப?"

"திங்கக்கெழம."

"நான் ஒடைக்கறதுக்கு முன்னாடியா?"

நான் சாக்கை இன்னும் இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. தொட்டித் திட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து என்னை விலக்கிவிட்டு, சாக்கைப் பிரித்து, குண்டை எடுத்துத் தன் துண்டால் துடைத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். மன்னிப்புக் கேட்க ஓடவில்லை. குண்டு போகிறதே என்று ஓடினேன்.

எதிர்வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கப்பல்காரர் எழுந்து, "வாங்க வாங்க, என்னாச்சுங்க?" என்றார். அப்பா உள்ளே போகவில்லை. படியிலேயே நின்றார்.

"இது வெடிக்காதுங்க பாய். கைக்கொழந்த இருந்தாலும் பயப்பட வேணாம். சோடாக் கண்ணாடி வேற, இது வேற. எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். தப்பு என்னுதுங்க" என்று சொல்லிவிட்டு, ஓடி வந்து நின்ற அந்தப் பெண்ணின் கையில் குண்டை வைத்தார்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"அப்ப எங்கத்தா குடுத்தத ஏன் மாமா ஒடச்சீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் அம்மா, "ச்சீ, பெரியவங்கள அப்டிக் கேக்கலாமா" என்று அதட்டினார். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒரு வார்த்தை போதும், திரும்பி என்னைக் காட்டினால் போதும். அவர் திரும்பவில்லை. "தெரியாம ஒடச்சிட்டேன் கண்ணு" என்றார். ஊரிலேயே கண்ணாடி தெரிந்த ஒரே மனுஷர், பதினொரு வயதுப் பெண்ணின் முன்னால் தலை குனிந்து நின்றார்.

அன்று நான் வெட்கப்பட்டேன், திருந்தினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். உங்களிடம் இன்னொரு பொய் வேண்டாம். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எட்டி எட்டி, அவள் கையில் இருந்த ஊதாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.